கலிங்கில் சேர்ந்த புல்

எனக்கு மீன்கள் மேல் எந்தப் பகையும் கிடையாது, மேடம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஊரில் யாரைக் கேட்டாலும் இந்த இவோன் லபாதிக்கும் கெண்டை மீனுக்கும் ஆகாது என்றுதான் சொல்வார்கள். கெண்டை பாவம், அதற்கு என்ன தெரியும். தண்ணீர் எங்கே போகிறதோ அங்கே அதுவும் போகப் பார்க்கும். போகக் கூடாது என்று நினைத்தவன் தியெரி.

அந்தத் தியெரியை நீங்கள் கூப்பிட்டு விசாரித்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். கறிக்கடையை மூடிவிட்டு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான். தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை. தியெரி சாப்பிடவில்லை என்றால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம். அதனால்தான் நீங்கள் கூப்பிடாமலே வந்தேன். என் இடுப்பு எலும்பு இந்த நாற்காலியை ரொம்ப நேரம் பொறுத்துக்கொள்ளாது. நடுவில் ஒருமுறை எழுந்து நின்றால் தப்பி ஓடப் பார்க்கிறேன் என்று நினைக்க வேண்டாம். என்னால் ஓட முடியாது.

எங்கள் சராபே ஏரியைப் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். இரண்டு மேட்டுக்கு நடுவே ஓடும் ஓடையை ஒரு மண்கரை போட்டு மறித்திருக்கிறோம், அவ்வளவுதான். என் அப்பாவின் தலைமுறை போட்ட கரை. ஊர் மக்காச்சோளத்துக்கெல்லாம் கோடையில் தண்ணீர் அதிலிருந்துதான். கரையின் இடது கோடியில் கலிங்கு இருக்கிறது. ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறுவதற்காகக் காரை பூசிக் கட்டிய வாய். மண்கரைக்கு உயிரே அதில்தான். தண்ணீர் கலிங்கு வழியாகப் போகும் வரை ஒன்றும் ஆகாது. கரையின் தலைக்கு மேல் ஏறி வழிய ஆரம்பித்தால் மண்ணை அறுத்துக்கொண்டு போய்விடும்.

தியெரி மீன்பிடி சங்கத்துக்குத் தலைவன். வசந்தம் வந்தால் கெண்டைக் குஞ்சுகளை வாங்கிவந்து ஏரியில் விடுவான். நல்ல மழை பெய்து ஏரி வழியும்போது அவை கலிங்கில் இறங்கி, ஓடையோடு போய், கீழூர்க்காரர்களின் தூண்டிலில் மாட்டின. ஊருக்கு வேறு எந்த நஷ்டம் வந்தாலும் தியெரி தாங்கிக்கொள்வான். இது மட்டும் அவனுக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் கலிங்கின் வாயில் ஒரு கம்பித்தட்டியை நிறுத்திக் காரையில் இறுக்கிப் பொருத்திவிட்டான். அதன்பிறகு மீன் போகவில்லை. இலை போகவில்லை, சுள்ளி போகவில்லை. ஒரு பெரிய மழை பிடித்துக்கொண்டால் கொஞ்ச நேரத்தில் தண்ணீரும் போகாது.

நான் அந்தக் கரைக்குக் காவலாள். விவசாயத்தை மகனிடம் விட்டுவிட்டு நான் சும்மா இருப்பது நீர்ப்பாசன சங்கத்தின் கண்ணை உறுத்தியதால் என் தலையில் கட்டிய வேலை. மாவட்டத் தலைநகரில் ஒருநாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே உடைந்த கரைகளின் படங்களாகக் காட்டினார்கள். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது, ஆனால் என்னால் சாப்பிட முடியவில்லை. ஒவ்வொரு படத்திலும் கலிங்கு அடைபட்டிருந்தது.

அதன்பிறகு வானம் இருட்டினால் மற்றவர்கள் கொடியில் காயும் துணியை எடுக்க ஓடுவார்கள். நான் வாரியை எடுத்துக்கொண்டு ஓடுவேன். இரும்புப் பல் வைத்த, நீளமான கம்புள்ள வாரி. கொட்டும் மழையில் கலிங்கோரம் நின்று, தட்டியில் வந்து ஒட்டும் குப்பையையெல்லாம் வாரி வாரி வெளியே போடுவேன். கிழவன் ஒருவன் மழையில் ஏரிக்குத் தலை வாரிவிடுகிறான் என்று தபால் வண்டியிலிருந்து பார்த்து மய்தே சொன்னாள். அந்தப் பேர் கொஞ்ச நாள் ஊரில் ஓடியது.

மய்தேயைப் பற்றி நீங்கள் இறந்தவர் என்று மட்டும் எழுதிவைத்திருப்பீர்கள். தபால்காரியாக இருந்து ஓய்வு பெற்றவள். வேலையை விடும்போது தபால் துறையின் பழைய மஞ்சள் வண்டியையே விலைக்கு வாங்கிக்கொண்டாள். கரைக்கு நேர் கீழே, ஓடையோரத்துப் பழைய மாவு ஆலைதான் அவள் வீடு. வீட்டுக்குப் பக்கத்துப் புல்வெளியில் ஒரு கழுதை. அதற்கு மந்திரி என்று பேர். ஒரு வேலையும் செய்யாது, எதைச் சொன்னாலும் தலையாட்டும் என்பதால் அவள் வைத்த பேர். என் நகைச்சுவைக்கு ஊரே சிரித்து முடித்த பிறகு, "இதை நீ போன வருஷமே சொல்லிட்டே" என்பாள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

நீர்ப்பாசன சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் எப்படி நடக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். குறித்த நேரத்துக்குப் பாதிப்பேர்கூட வரமாட்டார்கள். கூட்டம் செல்லாது என்று தலைவர் கஸ்தெரா அறிவிப்பார். அரைமணி கழித்து அதே அறையில் இரண்டாவது கூட்டம். அதற்கு எத்தனை பேர் இருந்தாலும் செல்லும். இடையில் உள்ள அந்த அரைமணியில் எல்லோரும் குடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். கரைப் பராமரிப்பு எப்போதும் கடைசியில்தான் வரும். சரியாக அப்போது சமையலறையிலிருந்து வாத்து வறுபடும் வாசனை வரும். அந்த வாசனைக்கு எதிரே எந்தக் கரையும் நின்றதில்லை, மேடம்.

ஒவ்வொரு ஆண்டும் தட்டியை எடுக்கச் சொன்னேன். ஒவ்வொரு ஆண்டும் யோசிப்போம் என்று முடிவானது. ஒருமுறை பேச்சை விட்டுவிட்டுச் செய்தே காட்டுவோம் என்று பெரிய தட்டில் உருளைக்கிழங்கு மசியலால் ஒரு கரை கட்டினேன். ஓரத்தில் கலிங்கு வெட்டினேன். அதில் கொத்துமல்லித் தண்டைத் தட்டியாகச் செருகினேன். பிறகு வாத்துக் குழம்பை ஊற்றினேன். குழம்பு ஏறியது, தண்டில் முட்டியது, கரை மேல் வழிந்தது, மசியலை அழகாக அறுத்துக்கொண்டு மேசைவிரிப்பில் பாய்ந்தது. பயிற்சியில் காட்டிய படம் மாதிரியே இருந்தது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

மய்தே மட்டும் கேட்டாள், "இந்தத் தட்டுல என் வீடு எங்க இருக்கு?"

தட்டோரம் கிடந்த ஒரு மொச்சைக் கொட்டையைக் காட்டினேன். தியெரி ஒரு கரண்டியை எடுத்து, மிச்சக் கரையையும் மொச்சையையும் சேர்த்து அள்ளி வாயில் போட்டுக்கொண்டான்.

"உப்புப் பத்தல," என்றான்.

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்தேன். கோமாளிக்கு இதுதான் சாபம். சிரிக்காமல் இருந்தால் கோபித்துக்கொண்டான் என்பார்கள், சிரித்தால் விளையாட்டுக்குச் சொன்னான் என்பார்கள்.

கடைசி ஆண்டுக் கூட்டத்தில் நான் விளையாடவில்லை. தட்டியை எடுத்துவிடுங்கள் என்று நேராகக் கேட்டேன். தியெரிதான் எழுந்தான்.

"ஏம்ப்பா இவோன், போன வருஷமும் கரை ஒடையும்னு சொன்னே. ஒடஞ்சுதா?"

"ஒடையல. ஏன்னா நான் மழையில நின்னு வாரினேன்."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"அப்பவும் நான்தான் வாரினேன்."

"அப்ப என்ன கேடு? நீ பாட்டுக்கு வாரிக்கிட்டே இரு. உனக்கும் உடம்புக்கு நல்லது, என் மீனுக்கும் நல்லது. பிரச்சனை தீந்துச்சா?"

கைதூக்கச் சொன்னார் கஸ்தெரா. தட்டியை எடுப்பதற்கு ஆதரவாக என் கையும் மய்தேயின் கையும் எழுந்தன. அவள் இரண்டு கையையும் தூக்கினாள். ஒன்றுதான் கணக்கில் வரும் என்று கஸ்தெரா சொன்னபோது, "இன்னொண்ணு மந்திரிக்கு," என்றாள்.

மாவட்ட அலுவலகத்துக்கும் போன் செய்து பார்த்தேன். ஓர் இளைஞன் மரியாதையாகப் பேசினான். கரையின் உயரத்தைக் கேட்டான். சொன்னேன். அந்த உயரத்துக்குக் குறைந்த கரைகளை அவர்கள் வந்து பார்ப்பதில்லையாம், ஆபத்தாக இருக்கும் அளவுக்கு அது வளரவில்லையாம். இன்னும் கொஞ்சம் மண் போட்டு உயர்த்தினால் வருவீர்களா என்று கேட்டேன். அனுமதி இல்லாமல் உயர்த்தினால் அபராதம் என்றான்.

அன்று வீட்டுக்கு வந்து தியெரி சொன்னதை நிதானமாக யோசித்துப் பார்த்தேன். முட்டாள் சொன்னாலும் அதில் ஒரு நியாயம் இருந்தது. நான் ஒழுங்காக வேலை செய்ததால் கரை உடையவில்லை. கரை உடையாததால் என்னை யாரும் நம்பவில்லை. யாரும் நம்பாததால் தட்டி அங்கேயே இருந்தது. என் இடுப்பு இன்னும் எத்தனை மழையைத் தாங்கும்? ஒரு நாள் நான் படுத்துவிடுவேன், அன்றைக்கு மழை வரும். ஆக, சராபே கரைக்கு உண்மையான ஆபத்து தட்டி அல்ல, என் வாரிதான். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் இந்தக் கணக்கில் எனக்குப் பிழை தெரியவில்லை.

உடைய வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கொஞ்சம் வழிய வேண்டும், அவ்வளவுதான். தியெரி ஆட்கள் கார் ஏற்றி ஏற்றிக் கரையின் வலது கோடி பள்ளமாகியிருந்தது. கலிங்கு அடைத்துக்கொண்டால் தண்ணீர் முதலில் அங்கேதான் வழியும். அங்கே கரை என் இடுப்புயரம்தான். கொஞ்சம் மண் அரிக்கும், மந்திரியின் புல்வெளியில் சேறு பாயும், செய்தித்தாளில் படம் வரும், அடுத்த கூட்டத்தில் எல்லோர் கையும் எழும். உயிரோடு இருக்கும்போதே எல்லோரும் திருந்துவதற்கு இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தோன்றவில்லை.

ஒன்றை மட்டும் நான் கணக்கில் சேர்க்கவில்லை. கரையின் நடுவே, வெளிப்புறச் சரிவில், முன்பு ஒரு வரிசை பாப்லர் மரங்கள் நின்றன. நிழலுக்காக வாலிபத்தில் நானே நட்டவை. கரையில் மரம் நடக்கூடாது என்று பயிற்சியில் சொன்னபோது முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டியவனும் நானே. பிறகு அவற்றை வெட்டினோம். வேர் உள்ளேயே கிடந்து மட்கியது. மட்கிய வேர் கரைக்குள் தண்ணீருக்குக் குழாய் மாதிரி. தோண்டியெடுத்துக் களிமண்ணால் அடைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை மட்டும் நான் ஒரு கூட்டத்திலும் எழுப்பியதில்லை. நட்டது யார் என்று தியெரி கேட்பான்.

ஜூன் தொடக்கத்தில் கரைப் புல்லை வெட்டச் சொல்லிச் சங்கம் எனக்கு நினைவூட்டியது. வெட்டினேன். வழக்கத்தைவிட நன்றாகவே வெட்டினேன். வெட்டிய புல்லை வாரிக் கரைக்கு வெளியே கொண்டுபோய்ப் போட வேண்டும் என்பது விதி. நான் அதை ஏரிப்பக்கம் வாரி, கலிங்கை ஒட்டி, தண்ணீர் விளிம்பில் நீளமாகக் குவித்துவைத்தேன். பார்த்தவர்களுக்கு அது பராமரிப்பு வேலையாகத்தான் தெரிந்திருக்கும். கஸ்தெரா காரை நிறுத்தி, "பிரமாதம் இவோன், கரை முடிவெட்டின மாதிரி இருக்கு," என்று பாராட்டிவிட்டுப் போனார்.

ஞாயிறு மதியம் புயல்மழை என்று ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்தார்கள். ஞாயிறு எனக்குப் பொருத்தமாக இருந்தது. வயல்களில் ஆட்கள் இருக்கமாட்டார்கள். மய்தே ஞாயிறுதோறும் ஓஷ் நகரத்திலுள்ள அக்கா வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடுவாள், சாயங்காலம்தான் வருவாள். பாக்கியிருந்தது மந்திரி மட்டும். வாயில்லா ஜீவன் சேற்றில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று சனிக்கிழமை அதை ஓட்டிக்கொண்டு வரப் போனேன். கழுதையை ஏன் முந்தைய நாளே நகர்த்தினீர்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்விதான். கழுதைக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை, அதனால் அதை நகர்த்த முடிந்தது.

மய்தேக்குக் காரணம் வேண்டியிருந்தது.

"எங்க வீட்டுப் பின்னாடி புல்லு மண்டிக் கெடக்கு. ரெண்டு நாள் மந்திரி மேயட்டுமே," என்றேன்.

"உன் புல்லுமேல உனக்கு எப்பலேர்ந்து அக்கறை?" என்று என்னையே உற்றுப் பார்த்தாள். "நாளைக்கு மழைங்கறாங்க. கரை நல்லாத்தானே இருக்கு?"

"இருக்கு."

"நான் வேணா அக்கா வீட்டுக்குப் போகாம இருக்கேன். ரெண்டு பேரா வாரினா உன் இடுப்புக்கு ஆகும்."

"ஒண்ணும் வேணாம். நீ போய்ட்டு வா. உங்க அக்கா சமையல விட்டுட்டு என்கூட மழையில நனையணும்னு என்ன தலையெழுத்து?"

"என் அக்கா சமையல நீ சாப்பிட்டதில்ல. மழை தேவல," என்றாள். ஆனால் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை எதிர்மேட்டில் என் பழைய திராட்சைத் தோட்டத்துக் குடிசையில் போய் உட்கார்ந்தேன். ரொட்டியும் உப்பிறைச்சியும் கொண்டுபோயிருந்தேன். அங்கிருந்து ஏரி முழுவதும் தெரியும். மழை பிடித்தபோது பல ஆண்டுகளில் முதல்முறையாக நனையாமல் அதைப் பார்த்தேன். தண்ணீர் ஏறி என் புல்லை மெதுவாக எடுத்துக்கொண்டு போய்த் தட்டியில் ஒட்டவைத்தது. கலிங்கின் சத்தம் குறைந்தது. நான் பயிற்சியில் படித்த எல்லாமே சரி என்று ஏரி ஒவ்வொன்றாக நிரூபித்துக்கொண்டிருந்தது. எதிர்த்துப் பேச யாரும் இல்லாத ஒரு கூட்டம் அது. சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் தவறாக எடுத்துக்கொள்வீர்கள். நிம்மதியாக இருந்தேன்.

அப்போது மஞ்சள் வண்டி வந்தது.

ஓஷில் வானத்தைப் பார்த்திருக்கிறாள். இடுப்பு போன கிழவன் தனியாக வாரிக்கொண்டிருப்பானே என்று சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்திருக்கிறாள். இதை அவளுடைய அக்கா பிறகு என்னிடம் சொன்னாள். வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு, கோழிக்கூண்டு சுத்தம் செய்யும் வாரியை எடுத்துக்கொண்டு கரைமேல் ஏறிப் போனாள். கலிங்கோரம் குனிந்து நின்று வார ஆரம்பித்தாள். நல்ல கை அவளுக்கு. வாழ்நாள் முழுக்க மூட்டை தூக்கிய கை. பச்சைப் பச்சையாகப் பெரிய பந்துகள் வெளியே வந்து விழுந்தன. கலிங்கின் சத்தம் எனக்குத் திரும்பக் கேட்க ஆரம்பித்தது.

நான் போனை எடுத்து அவளைக் கூப்பிட்டேன்.

"எங்கய்யா இருக்கே?" என்று கத்தினாள். "தட்டி பூராப் புல்லு. வெட்டின புல்ல இங்கயா கொட்டி வெப்பே? மந்திரிக்கு உன்னவிட மூளை ஜாஸ்தி."

"மய்தே, அத விட்டுட்டு எறங்கு. கரைமேல நிக்காதே."

"பாதி எடுத்துட்டேன். தண்ணி போகுது பாரு."

"சொல்றதக் கேளு. வாரியப் போட்டுட்டு வீட்டுக்குப் போ. ஈரத்த மாத்து. மிச்சத்த நான் வந்து பாத்துக்கறேன்."

"வெளையாடலயே நீ?"

"வெளையாடல."

"சரி. நீ சொன்னா சரி."

மழைக்காலத்தில் கரைமேல் ஆள் நிற்கக் கூடாது. அது விதி. பயிற்சியிலும் சொன்னார்கள். இதைத்தான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அவளை ஆபத்திலிருந்து இறக்கிவிட்டேன் என்று. வீட்டுக்குப் போ என்பதற்குப் பதிலாக எதிர்மேட்டுக்கு ஏறி வா என்று சொல்லியிருக்கலாம். வந்தால் நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்பது தெரிந்துவிடும். என் சட்டையும் நனையாமல் காய்ந்திருந்தது.

அவள் இறங்கி வீட்டுக்குள் போனாள். அவள் எடுத்தது போக மிச்சமிருந்த புல் கலிங்கைத் திரும்ப மூடியது. வலது கோடியில் தண்ணீர் வழிய ஆரம்பித்தது, நான் சொன்ன அதே இடத்தில், புல்வெளியை நோக்கி. மனதுக்குள் எனக்கே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு கரையின் நடுவில், பாப்லர்கள் நின்ற சரிவில், ஒரு கலங்கல் ஊற்று கிளம்பியது. முதலில் ஒரு கைப்பிடி அளவு. பிறகு ஒரு கதவு அளவு. பிறகு அங்கே கரை இல்லை. கீழே ஆலையின் புகைபோக்கி கொஞ்சநேரம் நின்றது.

சவ அடக்கத்துக்கு ஊரே வந்தது. தேவாலய வாசலில் தியெரி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "நீ சொன்னே இவோன். வருஷா வருஷம் சொன்னே. நாங்கதான் உன் பேச்சையும் சேத்துத் தின்னுட்டோம். மன்னிச்சுடுப்பா." மன்னித்தேன். எனக்கு இளகிய மனது, யாரும் அழுதால் தாங்காது. கஸ்தெரா மன்னிப்புக் கேட்டார், அவரையும் மன்னித்தேன். பிறகு கூடிய கூட்டத்துக்கு எல்லோரும் நேரத்துக்கு வந்திருந்தார்கள். இனி எந்தக் கலிங்கிலும் தட்டி வைப்பதில்லை, வேர்களைத் தோண்டி எடுப்பது, புதுக் கரையை ஆண்டுதோறும் வெளியாள் வந்து சோதிப்பது என்று நான் கேட்டதும் கேட்காததுமாக எல்லாம் ஒருமனதாக நிறைவேறியது. நான் பேசி முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு கூட்டம் நடந்ததில்லை.

ஆகவே தியெரியை விட்டுவிடுங்கள். அவன் வைத்தது மீனைத் தடுக்க ஒரு தட்டி. அதை அடைத்தது என் புல். அதை எடுத்துக்கொண்டிருந்தவளை நிறுத்தியது என் போன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அவளை வாரவிட்டிருந்தால் கரை நின்றிருக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் முகம் கேட்கிறது. நின்றிருக்கும், மேடம். அதிலென்ன சந்தேகம். பாதி எடுத்துவிட்டாளே. இன்னும் கொஞ்சநேரம் விட்டிருந்தால் தட்டி சுத்தமாகியிருக்கும், தண்ணீர் வழக்கம்போல இறங்கியிருக்கும், கரைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அப்புறம் என்னை யார் நம்பியிருப்பார்கள்?